சரிவில் ஒரு வீடு, இரண்டு முன்வாசல்

இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் வீடு கட்டுகிறோம் என்று சொன்னால் முதல் கேள்வி "எத்தனை ரூம்?", இரண்டாவது கேள்வி "மாடி போடுறீங்களா?". அப்பாவின் அம்மாவான அப்பாயி, அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருகிற தம்பி, இவ்வளவு பேரும் ஒரே கூரையின் கீழ் என்று முடிவான பிறகு எனக்கு இந்த இரண்டு கேள்வியுமே பிந்தி வரவேண்டியவையாகத்தான் தோன்றின. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாயி எழும்பினால் எத்தனை படி இறங்கி டொய்லட்டுக்குப் போவார்? மழை நாளில் சின்னவள் ஸ்கூல் விட்டு வந்தால் எந்த வாசல் வழியாக உள்ளே வருவாள்? இதைக் கேட்டுவிட்டுத்தான் பேப்பரில் கோடு போட உட்கார்ந்தோம். மலையில் சமதரை கொஞ்சம்தான் கிடைக்கும், அதை வீட்டில் யாருக்குக் கொடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இட நெருக்கடி பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் சேலையைத் திரையாகக் கட்டி ஒரு பக்கம் அண்ணன் குடும்பம், மறுபக்கம் அம்மா அப்பா, முன் திண்ணையான இஸ்தோப்பில் தாத்தா என்று படுத்த வீடுகள்தான் எங்கள் தோட்டத்தில் பாதி. இப்போது தோட்டங்களில் சின்னத் துண்டுக் காணிகளில் தனி வீடுகள் வருகின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்து வீடு 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை. லயத்தோடு பார்த்தால் அது பெரிய மாற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அளவு ஒரு தம்பதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போட்ட கணக்கு. மகன் கல்யாணம் கட்டியதும் பின்பக்கம் தகரத்தை இறக்கி ஒரு அறை, அப்புறம் பக்கத்தில் ஒரு அறை, மண்ணை இன்னும் கொஞ்சம் வெட்டி இன்னொன்று. பின்னால் இருக்கும் மண்மேடு ஒவ்வொரு தடவையும் செங்குத்தாகிக்கொண்டே போகும். எனக்கு அதில்தான் பயம்.

லயத்தில் இருந்த ஒரே ஒரு நல்ல விஷயத்தைப் புது வீடுகளில் எல்லோரும் தொலைத்துவிடுகிறார்கள், அது இஸ்தோப்பு. வயசானவர்கள் அங்கே உட்கார்ந்தால் கொழுந்து மலைக்குப் போகிறவர், ஊற்றுத் தண்ணி விழும் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போகிறவர், கடைக்குப் போகிறவர் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும், பேச்சும் ஓடும். புது வீட்டில் டைல்ஸ் போட்ட ஹோலில் டிவிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, "என்ன குறை இந்தக் கிழவிக்கு" என்று கேட்கிறோம். அதனால் எங்கள் பிளானில் முதலில் கீறியது இஸ்தோப்புதான், அதுவும் பாதையைப் பார்த்து, ஆறடி அகலத்தில். நாலடி போதும் என்றார் மேசன் பாஸ். நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் கடந்து போக வேண்டும், நாளைக்கே வீல் செயார் வந்தாலும் வரும். ஆறடிதான் என்று அப்பா பிடித்த பிடியில் நின்றார்.

எங்கள் காணி 12 பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் சுமார் 272 சதுர அடி). மேலே கார் போகும் பாதை, கீழே ஒற்றையடிப் பாதை, நடுவில் நல்ல சரிவு. வீடு வருகிற இடத்தில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கிட்டத்தட்ட பத்தடி உயர வித்தியாசம். இந்த மாதிரிக் காணிக்கு ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து மலையை வெட்டு, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி நிரவு, சமமான மேடையில் வீட்டை வை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீட்டில் பாதி வெட்டிய கெட்டித் தரையிலும் பாதி தள்ளிய மண்ணிலும் நிற்கும். தள்ளிய மண் இரண்டு மழைக்கு அமுங்கும், சுவர் நடுவில் வெடிக்கும். பின்பக்கம் வெட்டிய மண் சுவர் வேறு தலைக்கு மேல் நிற்கும்.

நாங்கள் சரிவை வெட்டித் தட்டையாக்காமல் அதோடு ஒத்துப் போனோம். மேல் தளத்தின் தரை, பாதையின் மட்டத்தில். கீழ்த் தளத்தின் தரை, ஒற்றையடிப் பாதையின் மட்டத்தில். இதில் என்ன லாபம் என்றால், மாடி வீடாக இருந்தும் இரண்டு தளத்துக்கும் தரை மட்டத்திலேயே முன்வாசல் கிடைத்துவிடுகிறது. மேலே அப்பாயி, அப்பா, அம்மா. கீழே நாங்கள். பாதையிலிருந்து இஸ்தோப்புக்கு ஒரு படிகூட இல்லை. இதைச் செய்யாமல் தரையைப் பாதையைவிட இரண்டு அடி கீழே வைத்திருந்தால், வீல் செயார் தள்ளக்கூடிய சாய்வு ஓர் அடி இறக்கத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 24 அடிக்குச் சாய்வுப் பாதை போட வேண்டி வந்திருக்கும். 12 பேர்ச்சஸில் அதற்கு எங்கே போவது? தரை மட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளையுங்கள் என்று நான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்கள் குறைவு.

இந்தப் படியில்லாத வழிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் வீட்டு பிளான் பாஸ் பண்ணப் போனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்பார்கள், எல்லோரும் என்.பி.ஆர்.ஓ. ரிப்போட் என்பார்கள். இதைத் தலைவலி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள்தான் அப்படி நினைக்க முடியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுவதும் என்ன நடந்தது என்று சொல்லவே தேவையில்லை. அதே நிறுவனம் மழை அளவை வைத்துத்தான் எச்சரிக்கையும் விடுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனமாக இரு, 100 தாண்டினால் ஆயத்தமாகு, 150 தாண்டினால் வெளியேறு. வெளியேறு என்பது ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வரும், கரண்ட் இல்லாமலும் வரும். எண்பது தாண்டிய ஒருவரை வழுக்குப் படியில் தூக்கிக்கொண்டு ஏறுவதும், நாற்காலியோடு நேராகப் பாதைக்குத் தள்ளுவதும் ஒன்றா?

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் எஞ்சினியரைவிட அப்பா பேச்சைத்தான் அதிகம் கேட்டேன். தோட்டத்தில் கான் (மழைத் தண்ணி ஓடும் வடிகால்) வெட்டியே காலம் கழித்த மனிதர். தேயிலை மலையில் கான் நேராக இறங்காது, சரிவுக்குக் குறுக்கே மெல்லச் சாய்ந்து போகும், இடையிடையே சின்ன வரம்பு விட்டு வேகத்தை உடைத்து மண்ணைத் தேக்கிக்கொள்ளும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிற வேலை. அதையே எங்கள் வீட்டைச் சுற்றியும் செய்தார். பாதைத் தண்ணி காணிக்குள் இறங்காமல் மேலேயே ஒரு கான், கூரைத் தண்ணிக்குப் பீலியும் குழாயும் வைத்து அதே கானுக்கு. மண்ணைத் தாங்குகிற கருங்கல் கட்டுச் சுவரில் ஓட்டைக் குழாய்கள் விட்டு, கட்டுக்குப் பின்னால் சல்லி நிரப்பினோம். மண்ணுக்குள் தண்ணி தேங்கினால் எந்தக் கட்டும் நிற்காது. டொய்லட் குழியைக் கீழ்ப்பக்க மூலையில், அத்திவாரத்தைவிட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தோம், கீழ் வீட்டுக்காரர்கள் தண்ணி எடுக்கும் பீலிக்கு நேர் மேலே வராமல் பார்த்துக்கொண்டு. அத்திவார வேலை எல்லாம் ஜனவரிக்குப் பிறகு, மே மாதத்து மழை இறங்குவதற்குள். ஹட்டன் பக்கம் மே தாண்டி மண்ணைத் திறந்து வைப்பது வீண் சண்டை. ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்கு மழைக் கணக்கு வேறு, வருஷக் கடைசியிலும் தொடக்கத்திலும்தான் அங்கே பெரிய மழை.

கீழ்த் தளத்தில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதன் ஒரு பக்கம் மலைக்கு முதுகு காட்டி நிற்கிறது. வீட்டுச் சுவரையே மண்ணோடு ஒட்டிக் கட்டினால் காலம் முழுக்க ஈரம், பூஞ்சணம், பிள்ளைகளுக்கு இருமல். அதனால் கல் கட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி, அதன் அடியில் கான், ஓர் ஆள் இறங்கிச் சுத்தம் பண்ணுகிற மாதிரி. அந்தப் பக்கம் படுக்கையறை வைக்கவில்லை. டொய்லட், சாமான் அறை, மாடிப்படி எல்லாம் அங்கே போய்விட்டன, படுக்கையறைகள் பள்ளத்தாக்கைப் பார்த்து. மேலே அப்பாயியின் அறைக்குக் காலை வெயில் விழுகிற கிழக்கு மூலை. எங்கள் ஊர்க் குளிரில் அந்த இரண்டு மணி நேர வெயில் எந்த மருந்தைவிடவும் மேல் என்பது அவர் கட்சி, நானும் அதே கட்சி.

இனி அடுப்பு. எல்லா வீட்டிலும் சண்டை அங்கேதான் தொடங்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பெரிய குசினி ஒன்று, எல்லோரும் சேர்ந்து சமைக்கலாம், மிச்சமாகும் காசுக்கு நல்ல கதவு போடலாம் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் மனைவி, "மாமிக்கும் எனக்கும் இன்னைக்கு வரைக்கும் சண்டை இல்ல. அது அப்படியே இருக்கணும்னா எனக்கு வேற அடுப்பு வேணும்" என்றாள். அம்மா உடனே, "நல்லதா போச்சு, என் சாமான்ல யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார். இருவரும் ஒரே கட்சியில் நின்ற அபூர்வமான நாள் அது. ஆகவே கீழே கேஸ் அடுப்போடு சின்னக் குசினி, மேலே விறகு அடுப்போடு அகலமான அடுப்படி. 2022-இல் கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது லயத்தில் விறகு அடுப்பு இருந்த ஒரே காரணத்தால்தான் சோறு வெந்தது. அது தவிர, சாயந்தரம் நெருப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தை அப்பாயியிடமிருந்து பிடுங்க நமக்கு என்ன உரிமை? ஆனால் புகை அவர் நெஞ்சுக்கு ஆகாது. அடுப்புக்கு நேர் மேலே சிமினி, கூரை முகட்டைத் தாண்டி உயரமாக. முகட்டுக்குக் கீழே நிறுத்தினால் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே தள்ளும்.

ராத்திரி ஒரே சாப்பாடு, மேலேதான். அதற்கு எந்தச் சட்டமும் போடவில்லை, அம்மாவின் ரொட்டியும் கட்டச் சம்பலும் போதுமாக இருக்கிறது.

சின்ன விஷயங்களில் செலவு குறைவு, பலன் அதிகம். அப்பாயி அறையிலிருந்து டொய்லட்டுக்கு நேர்க் கதவு, மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே விழுந்தால் ஆளே கதவுக்குத் தடையாகக் கிடப்பார், உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. கொமட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, அதையும் சுவர் பூசுவதற்கு முன்னாலேயே கொங்கிரீட்டில் பிடித்துவிட வேண்டும், பிறகு துளை போட்டால் ஆடும். சொரசொரப்பான டைல். கட்டிலிலிருந்தே கை எட்டும் இடத்தில் சுவிட்ச். உள் மாடிப்படிக்கு ஆறு அங்குல உயரம், பதினொரு அங்குல அகலம், இரண்டு பக்கமும் பிடி. இடம் நிறையப் பிடித்தது, பரவாயில்லை, அப்பாவுக்கும் முழங்கால் வயசு வந்துகொண்டிருக்கிறது. கூரைத் தகரத்துக்குக் கீழே சீலிங் அவசியம், குளிருக்கு மட்டுமல்ல, மழை கொட்டும்போது காது மந்தமானவர்களுக்குப் பக்கத்தில் பேசுவதும் கேட்காது.

காசு பற்றிச் சுருக்கமாக. அப்பாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம், அம்மாவின் சீட்டு, தம்பி அனுப்பியது, என் பேரில் வங்கிக் கடன். ஆயிரம் ரூபா பக்கம் இருந்த சீமெந்து மூட்டை 2022-இல் மூவாயிரம் பக்கம் போனதும் வேலையை நிறுத்தி, மேல் தளத்தை மட்டும் முடித்துக் குடியேறிவிட்டுக் கீழே மெதுவாகச் செய்தோம். இரண்டு வாசல் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. நாலு பேர் காசு போட்ட வீட்டுக்கு உறுதிப் பத்திரம் யார் பேரில் என்ற பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய், அப்பா அம்மாவுக்கு உயிர் உள்ளவரை சீவிய உருத்து வைத்துக்கொண்டு, எனக்கும் தம்பிக்கும் நன்கொடை உறுதி எழுதினோம். அப்பாவுக்கு முதலில் கொஞ்சம் மனக்கசப்பு, "நான் சாகிறதுக்குள்ளயே பங்கா?" என்றார். சீவிய உருத்து என்றால் அவரை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது என்று நொத்தாரிசு விளக்கிய பிறகு, பேனாவை அவரே கேட்டு வாங்கினார்.

தம்பிக்கான பங்கு இன்னும் பாக்கி. மேலே ஒரு மாடி வரும் என்று நம்பி மொட்டை சிலாபில் கம்பியை நீட்டி விடுகிற ஊர் வழக்கம் எனக்குப் பிடிக்காது, இங்கே பெய்கிற மழைக்கு அது துருப்பிடித்துக் கொங்கிரீட்டுக்குள் இறங்கும், சிலாபும் ஒழுகும். அதனால் மேல் தளத்தின் வலப்பக்கம் இரண்டு அறைக்கு இடம் விட்டு, அத்திவாரத்தை மட்டும் இப்போதே போட்டு மூடி வைத்திருக்கிறோம். இப்போது பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது அடுப்பு எங்கே வரும் என்று அம்மா கேட்கிறார், வரப்போகிறவளிடம் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? தண்ணிக் குழாய்க்கும் கழிவுக்கும் மட்டும் அந்தப் பக்கச் சுவரில் வழி விட்டு அடைத்திருக்கிறேன்.