முதுகு இல்லாத கேமரா

சுற்றிலும் எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் எடுக்கும் 360 டிகிரி கேமராவுக்கு முதுகு கிடையாது. சாதாரண கேமரா என்றால் பின்னால் நின்றுகொண்டு பேச்சுக் கொடுக்கலாம். இதில் நின்றால் நாமும் படத்தில் விழுவோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இடிபடவிருந்த ஒரு தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, பதிவு செய்யப் போனபோது, ஸ்டாண்டை நட்டுவிட்டுக் கடைசி வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதே பாதி வேலையாக இருந்தது.

பேசச் சம்மதித்தவர் ஒரு பாட்டி மட்டும்தான். படத்தில் விழுந்தவர்களோ, குழாயடியிலிருந்து ஈரத்தலையோடு வந்த பெண், கைலியோடு வாசலில் படுத்திருந்த தாத்தா, பள்ளிக்கு மட்டம் போட்ட பையன். அப்புறம் வீடு வீடாகப் போய்க் காட்டிக் கேட்டேன். "வேண்டாண்ணே" என்றார் அந்தப் பெண். ஓரமே இல்லாத படத்தில் ஒருவரை ஓரத்தோடு வெட்ட முடியாது. முகத்தை மங்கலாக்கினால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். சரி என்று மறுபடி எடுத்தோம்.

கீழே குனிந்தால் ஸ்டாண்டின் கால்கள் தெரியும். அதை அழித்துச் சிமெண்டுத் தரையை ஒட்டிவிடுவதே வழக்கம். செய்திப் படத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்று பழகிய எனக்கு மனம் வரவில்லை. அசிங்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

2012 சண்டேன்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்கச் செய்தியாளர் நோனி டி லா பெண்யா காட்டிய, தலையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் (VR) படைப்பில், லாஸ் ஏஞ்சலஸில் இலவச உணவு வரிசையில் நின்ற ஒரு சர்க்கரை நோயாளி சுருண்டு விழுவார். ஒலி அந்த இடத்திலேயே பதிவானது. உருவங்கள் கணினியில் செய்தவை. பார்த்தவர்களில் சிலர், அங்கே இல்லாத அந்த மனிதருக்கு உதவத் தரையில் மண்டியிட்டார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் ஆசிரியருக்கு ஆசை வந்துவிட்டது. 1948 ஜூன் 16, இதே ஊர்ப்பக்கத் தோட்டங்களில் தோட்டங்களை நடத்திய மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தக் காலையை மெய்நிகராகச் செய்யலாமே என்றார். பார்ப்பவரை எங்கே நிறுத்துவது? துரையின் நாற்காலிக்குப் பக்கத்திலா, துப்பாக்கி பிடித்தவன் பின்னாலா, வெளிக்காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களோடா? நிறுத்தும் இடமே தீர்ப்பாகிவிடும். எழுத்தில் 'இப்படியும் சொல்கிறார்கள்' என்று ஒரு வரி போடலாம். கண்ணாடியை மாட்டியபின் அந்த வரிக்கு இடமில்லை. எல்லாம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது.

ஆசிரியர் விடுவதாக இல்லை. ஒலியை மட்டுமாவது செய்யலாமே என்கிறார். துப்பாக்கிச் சத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறேன்.