போர்வெல் தண்ணியில் குண்டுமல்லி: அன்னபேதியைத் திரியவிடாமல் கரைப்பது

பங்குனி பிறந்ததும் மாடியில் இருக்கிற குண்டுமல்லித் தொட்டி அத்தனையும் மொட்டு வைத்துவிட்டதுங்க. போன வருசம் இதே செடிகள் கவாத்துக்குப் பிறகு வெளுத்த கொழுந்து விட்டு, கிளைக்கு ஒன்றிரண்டு மொட்டோடு நின்றுபோயின. உரமும் தொட்டி மண்ணும் கவாத்தும் இந்த வருசமும் அதேதான். மாறினது அன்னபேதியை, அதாவது இரும்புச்சத்து தருகிற பெர்ரஸ் சல்பேட் உப்பைக் கரைக்கிற விதம் மட்டும்.

கவாத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். அது நிலத்துச் செடிக்கு. மாடித் தொட்டிக்குப் பொங்கல் கழித்து, ஒன்றரைச் சாண் விட்டு வெட்டினால் போதும். மீதி இலையையும் உருவிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரைக் குறைத்து, வெட்டிய பிறகு தொழுவுரம் கொடுத்து நிறைய ஊற்றுவது எல்லாரும் செய்கிறதுதான்.

தொல்லை அதற்கப்புறம் வருகிற கொழுந்தில். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் வலை போட்டாற்போலப் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. அடி இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லை. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு யூரியாவை அள்ளிப் போட்டால் கொழுந்து இன்னும் வெளுத்துத்தான் வரும். செடிக்குள் இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்குப் போகாது. அதனால் ஒவ்வொரு கொழுந்துக்கும் புதிதாகக் கொடுத்தாக வேண்டும்.

நம்ம பக்கம், அதிலும் பல்லடம், அவிநாசி, காங்கயம் சுற்றுவட்டாரத்தில் மண்ணிலேயே சுண்ணாம்பு உண்டு. ஆழத்து போர் தண்ணியிலும் அதுவேதான் கரைந்து வருகிறது. தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டைப் பாருங்க, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்ததுதான். ஆனால் சுண்ணாம்பு ஏறி மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு, 7-க்கு மேலே போனால் காரம்) 8 பக்கம் போய்விட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. சிறுவாணித் தண்ணி வருகிற கோவை வீடுகளில் அதே நாற்று பச்சைப்பசேலென்று நிற்பதற்குக் காரணம் கைராசி ஒன்றும் இல்லை, சுண்ணாம்பு குறைந்த அந்தத் தண்ணிதான்.

இதற்கு மருந்து அன்னபேதி என்று எல்லாருக்கும் தெரியும். லிட்டருக்கு 5 கிராம் என்பதும் தெரியும். ஆனால் போர் தண்ணியில் நேராகப் போட்டுக் கலக்கினால் என்ன ஆகிறது என்று வாளியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் இளம்பச்சையாகக் கரையும். கொஞ்ச நேரத்தில் கலங்கி, டீத் தண்ணி நிறத்துக்கு வந்து, அடியில் காவி வண்டல் தங்கிவிடும். அந்த வண்டல் துருதான். அதைத் தெளித்தால் இலைமேல் கறை விழும், மருந்தடிப்பான் மூக்கு அடைக்கும், செடிக்குள் ஒன்றும் போகாது. "அன்னபேதி அடிச்சும் கேக்கலைங்க" என்கிறவர்களின் வாளியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த நிறத்தில்தான் இருக்கும்.

வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். முதலில் தண்ணியில் லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கிற லெமன் சால்ட். அது முழுக்கக் கரையட்டும். பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். தண்ணி ரொம்பக் கடினமாக இருந்து 6-க்குக் கீழே இறங்க மறுத்தால் இன்னொரு அரைக் கிராம். அதற்கப்புறம்தான் அன்னபேதி. முற்றிய இலைக்கு 5 கிராம், கவாத்துக்குப் பின் வந்த இளங்கொழுந்துக்கு 3 கிராம் போதும், கூடினால் நுனி கருகும். கரைசல் தெளிவாக, லேசான பச்சை மஞ்சளாக நிற்க வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணியோ மழைத் தண்ணியோ இருந்தால் வேலை இன்னும் சுளுவு, அதில் உப்பே கிடையாது. அமிலமும் பாதி போதும்.

வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்புறமும் நனைகிற மாதிரி அடியுங்க. கொழுந்து விரிந்ததும் ஒரு தடவை, 10 நாள் இடைவெளியில் இன்னும் ரெண்டு தடவை. கரைத்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. வேப்பெண்ணெய்க்குப் போடுகிற காதி சோப்பை இதில் சேர்த்தால் தயிர் மாதிரி திரிந்துவிடும், ரெண்டையும் வேறு வேறு நாளில் அடிக்கணும். மொட்டு வெளுக்க ஆரம்பித்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பூவில் பழுப்புப் புள்ளி விழும். மாடி டைல்ஸில் சொட்டின காவிக் கறைக்கும் அதே லெமன் சால்ட்டைக் கெட்டியாகக் கரைத்துத் தேய்த்தால் போய்விடும். மொசைக், மார்பிள் தரையில் மட்டும் தேய்க்காதீங்க, அமிலம் பளபளப்பை அரித்துவிடும்.

அன்னபேதி வாங்கும்போது பையைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். இளம்பச்சைக் கல்லாக இருந்தால் நல்ல சரக்கு. காவிப் பொடி பூத்திருந்தால் பாதி வீணாகிவிட்டது என்று அர்த்தம். டவுன் உரக்கடை ஒன்றில் "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று காவிப் பொடியையே கட்டிக் கொடுக்கிறார்கள். அதே கடையில் இரும்புச் சத்து என்று இ.டி.டி.ஏ. (EDTA, இரும்பைப் பிடித்து வைத்திருக்கிற சேர்மம்) பாக்கெட்டையும் மண்ணுக்குப் போடச் சொல்கிறார்கள். இ.டி.டி.ஏ. நம்ம சுண்ணாம்பு மண்ணில் தாங்காது, இரும்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் ஊற்றுவதென்றால் அதே வகையில் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) கேட்டு வாங்கணும், கரைத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். விலை கூடத்தான். அது வெளிச்சத்தில் கெட்டுப்போகிற சரக்கு, ஆகவே இலைக்கு அடிக்காமல் வேரில் ஊற்றி மேலே மண் தள்ளிவிட வேண்டும். அளவு பாக்கெட்டில் போட்டபடியே.

இன்னொன்றும் சொல்லியாகணும். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் ரெண்டும் பி.எச்.சை ஏற்றுகிற சரக்கு, இந்த மண்ணில் மல்லிக்குத் தேவையே இல்லை. துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைப்பதும் வீண் சோலி, அந்தத் துருதான் ஏற்கெனவே மண்ணில் கிடக்கிறதே. பூவுக்கென்று டி.ஏ.பி.யை மாசாமாசம் போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சேர்ந்து இரும்பைக் கட்டிப்போடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மல்லிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணியின் உப்பு அத்தனையும் திரண்டு நிற்பது அதில்தான். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு மொட்டு நன்றாகத் திரண்டிருக்கிறது. ரெண்டு தொட்டியில் மட்டும் சில மொட்டு ஊதா நிறமாகிக் குறுகி நிற்கிறது, இது மொட்டு ஈயின் வேலை. புழு மொட்டின் அடியில் இருந்து தின்றுவிட்டு, கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் மேலே மருந்தடித்து மட்டும் பிரயோசனம் இல்லை. ஊதா மொட்டைக் கிள்ளி எரித்துவிட்டு, மேல்மண்ணைக் கொத்தி வேப்பம்புண்ணாக்குப் போட வேண்டும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி. அது இந்த வார வேலை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் முல்லைக்கும் இடம் ஒதுக்கியாச்சு, அங்கே போர் தண்ணி போகாமல் மழைத் தண்ணித் தொட்டியிலிருந்தே சொட்டுக் குழாய் இழுக்க ஏற்பாடு. 16 மி.மீ. குழாய் வாங்கியாச்சு, வடிகட்டி இன்னும் வாங்கலை.