கேற்றுக் கம்பிக்குப் பின்னால் உள்ள வீடு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைத் தெருவில் நின்று எடுத்தால் முதலில் படத்தில் விழுவது இரும்புக் கேற்றின் கம்பிகள்தான். ஒளிப்புலம் என்பது என்னவென்று விளங்கினால், சாதாரண போனாலேயே அவற்றை இல்லாமற் செய்யலாம்.

வழக்கமான படம் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே வைத்திருக்கும். எத்திசையிலிருந்து வந்தது என்பது சென்சரிலேயே கலந்துவிடும். ஒளிப்புலம் திசையையும் சேர்த்தே பதிகிறது. ஒரு கதிருக்கு இடத்துக்கு இரண்டு, திசைக்கு இரண்டு என நான்கு எண்கள் போதும் என்ற வடிவில் கணினி வரைகலை ஆய்வாளர்கள் லெவோயும் ஹன்ரஹானும் 1996இல் இதைப் படங்களுக்குப் பயன்படுத்தினார்கள். 2005இல் ஆய்வாளர் ரென் இங் குழுவினர் சென்சருக்கு முன்னால், கதிர்களைத் திசைவாரியாகப் பிரிக்கும் நுண்வில்லைகளை வைத்துச் செய்த கமராவில் 16 மெகாபிக்சல் இருந்தும், கிடைத்த படம் 292×292 பிக்சல்தான். திசைக்குக் கொடுத்த விலை அது. பொருள் அசையாது என்றால், அதே திசைத் தகவலைக் கமராவை நகர்த்திப் பல இடங்களிலிருந்து எடுத்தும் பெறலாம். பிக்சல் இழப்பு இல்லை.

கம்பி 2 சென்ரிமீற்றர், இடைவெளி 10, கேற் 2 மீற்றரில், வீடு 20 மீற்றரில் என்று வைப்போம். போனை நேரான பலகை விளிம்பில் அணைத்து, சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 13 படங்கள் எடுங்கள். 26 மி.மீ.க்குச் சமமான வில்லையில் (போனின் வழக்கமான முதன்மை வில்லை ஏறத்தாழ இதுதான்), 4000 பிக்சல் அகலப் படத்தில், ஒவ்வொரு நகர்வுக்கும் கம்பி 14 பிக்சல் அளவு நகரும். வீடு ஒன்றரை பிக்சல்கூட நகராது. யன்னல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி படங்களை அடுக்குங்கள். வேறு தூரத்துக்குப் பொருத்தினால் குவியமும் அங்கே போய்விடும். எடுத்த பிறகு குவியத்தை மாற்றுவது என்பது இதுதான்.

அடுக்கிய படங்களின் சராசரி எடுத்தால் வில்லைத் துளை 12 சென்ரிமீற்றர் ஆனதுபோல் கம்பி கலங்கிக் கரையும். ஆனால் ஆறில் ஒரு பங்கு இருட்டு படலமாக மிஞ்சும். ஆகவே இடைநிலை மதிப்பே, அதாவது 13 மதிப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதே, சிறந்தது: வீட்டின் ஒவ்வொரு புள்ளியும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் தெரிந்தால் கம்பி முற்றாகப் போய்விடும். இமேஜ்மேஜிக் என்ற இலவசப் பட மென்பொருளில் இது ஒரே கட்டளை. நெருக்கமான பனைமட்டை வேலிக்கு இது சரிவராது. மறைப்பு பாதிக்கு மேல் என்பதால் மட்டையே மிஞ்சும்.

பெரும்பாலும் கெடுப்பது போன் திரும்புவதுதான். 1 பாகை திரும்பினால் 50 பிக்சல் விலகல். நடுவைப் பொருத்தினாலும் ஓரங்கள் பொருந்தா. வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். கிடைக்கம்பி என்றால் போனை மேலும் கீழுமாக நகர்த்த வேண்டும். சோளகம் வீசும் நாளில் முற்றத்து மர இலைகள் பச்சைக் கறையாகிவிடும். காற்று எழுமுன் விடிகாலையில் எடுங்கள்.