52 ஷீட்டுக்கும் ஒரே அளவுகோல்

தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிப்பது என் வேலையில் ஒரு பகுதி. மாதம் முடிந்ததும் ஒரு எக்ஸெல் ஃபைல் வரும். பெட்டிக்கு ஒரு ஷீட், மொத்தம் 52. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்பதால், 30 நாள் மாதத்தில் ஷீட்டுக்கு 4,320 வரிசைகள். எல்லாம் சேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இத்தனை எண்களைக் கண்ணால் ஓட்டிப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. படமாக வரைந்தாக வேண்டும்.

தடுப்பூசிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு அதிகமானால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் வீரியம் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. உறைந்து உருகிய குப்பியை மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். ஒரு கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதை நான் கவனிக்காமல் விட்டால், அந்த ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். இந்தப் படங்களில் நான் காட்டும் பிடிவாதம் எல்லாம் அதனால்தான்.

பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பு இருப்பதால் படிக்கும் வேலை ஒரே வரியில் முடிகிறது. அதிலுள்ள ரீட்_எக்ஸெல் கட்டளை வழக்கமாக முதல் ஷீட்டை மட்டும் எடுக்கும். ஷீட்_நேம் என்ற இடத்தில் ‘நன்’ (None) என்று கொடுத்தால் எல்லா ஷீட்டையும் ஒரு டிக்‌ஷனரியாகத் தந்துவிடும்: ஷீட்டின் பெயர் சாவி, அதிலுள்ள அட்டவணை மதிப்பு. மறைத்து வைத்த ஷீட்டுகளும் கூடவே வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போன மாதத்து ஷீட்டை யாராவது நகலெடுத்து மறைத்திருந்தால் அதற்கும் ஒரு படம் வந்துவிடும். பெட்டிகளின் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறேன். வந்த ஷீட்டுகளை அதனோடு ஒப்பிட்டு, கூடுதல் எது, விடுபட்டது எது என்று தெரிந்த பிறகுதான், ஷீட் ஷீட்டாகப் படம் வரையும் லூப்பை ஓடவிடுவேன்.

லூப் எழுதுவது பெரிய விஷயமில்லை. அளவுகோல்தான் பெரிய விஷயம்.

படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பின் போக்கிலேயே விட்டால், அந்தந்த ஷீட்டின் குறைந்த மதிப்பையும் கூடிய மதிப்பையும் பார்த்து ஒய் அச்சை அதுவே நிர்ணயித்துக்கொள்ளும். ஒரே ஒரு படம் என்றால் அது நல்ல வசதி. 52 படங்களை அடுத்தடுத்து வைக்கும்போது அதே வசதி ஆபத்தாகிறது. 4.1-க்கும் 4.6-க்கும் நடுவே அமைதியாக ஏறி இறங்கும் நல்ல பெட்டி, ஒரு மலைத்தொடர் மாதிரி தெரியும். மைனஸ் 1 வரை இறங்கி 12 வரை ஏறிய பெட்டியும் அதே மலைத்தொடராகத்தான் தெரியும். பார்ப்பவர் அச்சின் ஓரத்தில் இருக்கும் பொடி எண்களைப் படிப்பதில்லை, கோட்டின் வடிவத்தைத்தான் பார்க்கிறார். அதனால் எல்லாப் படத்துக்கும் மைனஸ் 5 முதல் 15 வரை என்று அச்சைக் கட்டிப்போட்டுவிட்டேன். 2-க்கும் 8-க்கும் நடுவே வெளிர்பச்சையில் ஒரு பட்டை. அதற்கு ஆக்ஸ்_எச்_ஸ்பேன் என்ற ஒரே கட்டளை போதும். பூஜ்யத்தில் ஒரு சிவப்புக் கோடு. 15-ஐத் தாண்டிய மதிப்பு வந்தால் படத்தில் வெட்டுப்படும். அப்போது அதிகபட்ச வெப்பநிலையைத் தலைப்பிலேயே எண்ணாகப் போட்டுவிடுகிறேன்.

எக்ஸ் அச்சுக்கும் இதே கதிதான்: மாதத்தின் முதல் நாளில் தொடங்கி, கடைசி நாளில் முடியும். ஆனால் அச்சைக் கட்டுவதற்கு முன்பு ஒரு சோதனை செய்யாமல் விடக் கூடாது. நாள்/மாதம் என்று எழுதிய சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்), மாதம்/நாள் என்று வைத்திருக்கும் கணினியின் எக்ஸெல்லில் திறந்தால் ஒரு விபரீதம் நடக்கும். 12-ஆம் தேதி வரை உள்ளவை நாளும் மாதமும் இடம் மாறித் தேதியாகிவிடும்; 13 முதல் உள்ளவை தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஜூன் 5 என்பது மே 6 ஆகிவிடும். அச்சை ஜூன் மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தப் புள்ளிகள் சத்தமில்லாமல் படத்துக்கு வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு ஷீட்டிலும் எல்லா வரிசையின் மாதமும் ஒன்றுதானா என்று நிரல் கேட்கிறது. இல்லையென்றால் அந்த ஷீட்டை வரையாமல் பெயரை மட்டும் எனக்குச் சொல்கிறது.

அடுத்தது இடைவெளி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மின்சாரம் போய்ப் பதிவுக்கருவியும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் இரவு 11 மணிக்கு ஒரு வரிசை, அடுத்த வரிசை காலை 4 மணிக்கு. நடுவில் வரிசையே கிடையாது. மேட்பிளாட்லிப் இந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். பார்ப்பவருக்கு ஐந்து மணி நேரமும் எல்லாம் சரியாக இருந்தது போலத் தோன்றும். உண்மையில் பெட்டி எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாத ஐந்து மணி நேரம் அது. தீர்வு எளிது: தேதியையும் நேரத்தையும் இண்டெக்ஸாக (வரிசையின் அடையாளமாக) வைத்து, பத்து நிமிடத்துக்கு ரீசாம்பிள் செய்து, அதாவது சம இடைவெளியில் அடுக்கி, சராசரி எடுத்தால், அளவீடு இல்லாத இடங்களில் வெற்று மதிப்பு வந்து உட்காரும். வெற்று மதிப்பு வரும் இடத்தில் கோடு அறுந்துவிடும். அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தில் நிரப்பிவிடுகிறேன், கண்ணில் படட்டும் என்று.

சில பெட்டிகளில் டிஎஸ்18பி20 வகை சென்சார் இருக்கிறது. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் அதைப் படிப்பதற்கான லைப்ரரி, சென்சாரின் இணைப்பு விட்டுப்போனால் மைனஸ் 127 என்று எழுதும். மின்சாரம் வந்ததும் இந்த சென்சார் காட்டும் தொடக்க மதிப்பு 85. இரண்டும் வெப்பநிலை அல்ல, வெற்று மதிப்பாக மாற்ற வேண்டும். ஆனால் எத்தனை முறை வந்தன என்ற எண்ணிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். அடிக்கடி மைனஸ் 127 வந்தால் அந்தப் பெட்டியின் ஒயரை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். லூப்புக்குள் ஒவ்வொரு படத்தையும் சேமித்த கையோடு மூடிவிடுங்கள். பைப்ளாட் (மேட்பிளாட்லிப்பின் ஒரு பகுதி) வழியாகத் திறந்து மூடாதவை 20-ஐத் தாண்டினால் மேட்பிளாட்லிப் எச்சரிக்கும், நினைவகமும் நிரம்பிக்கொண்டே போகும். ஷீட்டின் பெயரையே ஃபைல் பெயராக வைப்பதாக இருந்தால், செங்குத்துக் கோடு, இரட்டை மேற்கோள் குறி போன்றவற்றை எக்ஸெல் அனுமதிக்கும், விண்டோஸ் அனுமதிக்காது. அவற்றை அடிக்கோடாக மாற்றிவிட்டால் போதும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இது. மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது, வெறும் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் எழுத்துகள் வந்துவிடும். ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. ‘பெட்டி’ என்ற சொல்லே படிக்க முடியாமல் ஆகிவிடும். நான் பிடித்த வழி, எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் சேமிப்பது. மேட்பிளாட்லிப்பின் அமைப்பில் எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்பதை ‘நன்’ (இங்கே 'none' என்ற எழுத்துச் சொல்) என்று வைத்தால் எழுத்துகள் வடிவங்களாக மாறாமல் எழுத்தாகவே ஃபைலில் இருக்கும். பிரவுசரில் திறக்கும்போது கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்தில் நிற்கும். எல்லா எஸ்விஜியையும் ஒரே எச்டிஎம்எல் பக்கத்தில் அடுக்கி, அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கிக்கொள்கிறேன்.

அந்தப் பக்கத்தில் படங்களைப் பெட்டி எண் வரிசையில் வைப்பதை விட்டுவிட்டேன். பார்ப்பவர்களின் கவனம் முதல் இரண்டு வரிசைகளில்தான் முழுதாக இருக்கும். அங்கே நலமாக இருக்கும் பெட்டிகளைக் காட்டி என்ன பயன்? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி வரும் 30 நாள் பதிவுக்கருவிகள், மைனஸ் 0.5 அல்லது அதற்குக் கீழே 60 நிமிடம் இருந்தாலும், 8-க்கு மேலே தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தாலும் அலாரம் அடிக்கும். அதே விதியை நிரலில் எழுதியிருக்கிறேன். பத்து நிமிட அளவீட்டில் முதலாவது தொடர்ச்சியாக 6 வரிசை, இரண்டாவது 60 வரிசை. உறைந்த பெட்டிகள் முதலில், சூடானவை அடுத்து, நீண்ட இடைவெளி உள்ளவை அதற்கடுத்து, மிச்சமெல்லாம் கீழே. ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் பெட்டியின் பெயரோடு, எந்தத் தேதி எத்தனை மணிக்கு எல்லை தாண்டியது என்பதும் இருக்கும். களத்தில் இருப்பவர் அந்தத் தேதியில் பெட்டியில் இருந்த குப்பிகளைத் தனியே எடுத்து வைக்க அது போதும்.