எஸ்எம்12-இல் அழிக்காமல் விட்ட பூட்டு

மார்ச் 31 மாலை, காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் உள்ள எங்கள் நூற்பாலையின் ஸ்டோர்ஸ் வாசலில் பஞ்சு பேல்களோடு ஒரு லாரி நின்றிருந்தது. ஆண்டுக் கணக்கு முடியும் நாள் என்பதால் அந்த வரவை அன்றைக்கே எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் ஏற்றியாக வேண்டும். சரக்கு வரவைப் பதியும் மிகோ திரையை முழுவதும் நிரப்பிப் பதிவுப் பொத்தானை அழுத்தியபோது, அந்தப் பொருளின் மதிப்பீட்டுத் தரவை ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர் பூட்டி வைத்திருப்பதாக எம்3 024 என்ற செய்தி வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே செய்தி.

எங்கள் பஞ்சு நகரும் சராசரி விலையில் மதிப்பிடப்படுகிறது. வரவு பதியும்போது இருப்பின் அளவோடு விலையும் மாறுவதால், அந்த நேரத்தில் வேறு எவரும் அந்தப் பதிவைத் திருத்தக் கூடாது. செட்டிநாட்டுப் பெட்டியடியில், அதாவது கணக்கு எழுதும் இடத்தில், ஒருவர் பேரேடு எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் அதில் கை வைப்பதில்லை; எஸ்ஏபியின் பூட்டும் அதே ஏற்பாடுதான், அதைப் பிழை என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எழுதியவர் பேரேட்டைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

பூட்டுகளைக் காட்டும் எஸ்எம்12 திரையைத் திறந்தேன். பட்டியல் காலியாக வந்தது. பயனர் கட்டத்தில் நம் பெயரே முன்கூட்டி நிரம்பியிருக்கும் என்பதும், அதை நீக்கினால்தான் பிறருடைய பூட்டுகள் தெரியும் என்பதும் நினைவுக்கு வரச் சில நிமிடங்கள் ஆயின. நீக்கியதும், மதிப்பீட்டுத் தரவு இருக்கும் எம்பிஇடபிள்யூ அட்டவணையில் பிற்பகலிலிருந்து பிடிக்கப்பட்ட ஒரு பூட்டு தெரிந்தது. உள்ளே நுழைந்திருப்பவர்களைக் காட்டும் எஸ்எம்04-இல் கண்காணிப்பாளர் பெயரைத் தேடினேன்; இல்லை. ஆள் இல்லாத பூட்டு என்று முடிவு கட்டி, அழிக்கும் பொத்தானை நோக்கி விரலை நகர்த்தியும் விட்டேன். ஆனாலும் மனம் ஒப்பாமல், எஸ்ஏபி அமைப்பைப் பராமரிக்கும், சென்னையில் உள்ள பேஸிஸ் பொறுப்பாளரை அழைத்தேன்.

அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். தரவுத்தளத்தில் எழுதப்படாமல் நிற்பவற்றைக் காட்டும் எஸ்எம்13-இல் முடியாத அப்டேட் ஏதும் நிற்கிறதா என்பது முதல் கேள்வி. அப்படி நிற்கும்போது பூட்டை அழித்தால் இருப்பும் மதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். நல்ல வேளையாக அங்கே ஒன்றும் இல்லை. எல்லாச் சர்வர்களிலும் தேடினீர்களா என்ற இரண்டாவது கேள்விதான் என்னைத் திருத்தியது. எங்கள் பதிப்பில் எஸ்எம்04 நாம் நுழைந்திருக்கும் சர்வரில் உள்ளவர்களை மட்டுமே காட்டும். எல்லாச் சர்வர்களையும் பார்க்க ஏஎல்08 வேண்டும். அதைத் திறந்ததும், இரண்டாவது சர்வரில், பொருள் விவரத்தைத் திருத்தும் எம்எம்02 திறந்தபடி கண்காணிப்பாளருடைய செஷன் உயிரோடு இருந்தது.

கோட்டையூரில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அண்ணே, எம்எம்02-இல் சேமிக்காமல் ஏதாவது விட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். செஷனை முடித்தால் சேமிக்காதவை போய்விடும் என்பதால் இதைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. "வெலையப் பாக்கத்தானே தம்பி தொறந்தேன், வேற ஒண்ணுமில்ல" என்றார். பார்ப்பதற்கு மட்டும் என்றால் எம்எம்03 போதும், அது பூட்டுவதில்லை. சர்வர்களின் பட்டியலான எஸ்எம்51 வழியாக அந்தச் சர்வருக்குச் சென்று அவருடைய செஷனை முடித்தேன். பூட்டு தானாகவே மறைந்தது, வரவும் உடனே பதிந்தது.

அவருடைய கணினி பிற்பகலில் மின்தடையின்போது அணைந்திருக்கிறது; சர்வருக்கு அது தெரியவில்லை. சும்மா இருக்கும் செஷனைத் தானாக வெளியேற்றும் அமைப்பில் மதிப்பு 0 என்று இருந்ததால் அது எவரையும் வெளியேற்றாது. பேஸிஸ் பொறுப்பாளர் அதை 3600 விநாடியாக மாற்றினார். மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் திரை போயிருக்கிறது என்று ஸ்டோர்ஸ் அண்ணன் முதல் வாரம் முழுவதும் முறையிட்டார். நாங்கள் மாற்றவில்லை.