கண்ணாடிக்குள் தன்னைத் தானே குவித்துக்கொள்ளும் ஒளி

கண்ணாடி ஒளியை வளைக்கும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஒளியும் கண்ணாடியை மாற்றும் என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. சாதாரண விளக்கொளியில் அந்த மாற்றம் கண்டறிய முடியாத அளவுக்குச் சிறியது என்பதால் சொல்லத் தேவையும் இல்லை. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி வாட் செறிவுள்ள லேசர் துடிப்பு உருக்குச் சிலிக்கா எனும் தூய கண்ணாடிக்குள் செல்லும்போது, அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0003 உயர்கிறது. கெர் விளைவு எனப்படும் இந்தச் சிறு உயர்வே போதுமானது. கற்றையின் நடுவில் செறிவு அதிகம் என்பதால் விலகல் எண்ணும் அங்கேதான் அதிகமாகிறது. கண்ணாடி குவிவில்லையாகிறது, கற்றை சுருங்குகிறது, சுருங்கச் சுருங்க அந்த வில்லை மேலும் வலுக்கிறது.

இதை எதிர்ப்பது, குறுகிய கற்றை எதுவாயினும் அதை விரியச் செய்யும் விளிம்பு விலகல். இங்கே எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: கற்றையை அகலமாக்கினால் குவியும் போக்கும் விரியும் போக்கும் ஒரே விகிதத்தில் குறைவதால், வெல்வது எது என்பதைச் செறிவு முடிவு செய்வதில்லை, மொத்தத் திறனே முடிவு செய்கிறது. 800 நானோமீட்டர் அலைநீளத்தில் உருக்குச் சிலிக்காவுக்கு அந்த எல்லை சுமார் 2.5 மெகாவாட், காற்றுக்கோ பல ஜிகாவாட். மெகாவாட் என்றதும் மின் நிலையம் நினைவுக்கு வரலாம். ஆனால் 100 ஃபெம்டோ நொடி, அதாவது ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்பில் அந்தத் திறனை எட்ட, கால் மைக்ரோஜூல் ஆற்றலே போதும்.

எல்லையைத் தாண்டிய கற்றை ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுவதில்லை. சிலிக்காவில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ 9 எலெக்ட்ரான் வோல்ட் தேவை; 800 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றிடம் இருப்பதோ 1.55 மட்டுமே. ஆகவே ஆறு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் உறிஞ்சப்பட வேண்டும், அந்நிகழ்வின் வேகமோ செறிவின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. செறிவு இருமடங்கானால் அது 64 மடங்காகிறது. விடுபட்ட எலெக்ட்ரான்கள் விலகல் எண்ணைக் குறைத்துக் கற்றையை மீண்டும் விரிக்கின்றன. இந்த இழுபறியில் உருவாகும் மெல்லிய ஒளியிழை, கண்ணாடியில் சில மைக்ரோமீட்டர் அகலமே உடையது. அதை ஒளி செல்லும் குழாய் என்று கருதுவது தவறு: ஆற்றலின் பெரும்பகுதி இழையைச் சுற்றியுள்ள மங்கலான பகுதியில் இருப்பதால், நடுப்பகுதியை மட்டும் மறைத்தாலும் சற்றுத் தொலைவில் இழை மீண்டும் உருவாகிவிடுகிறது.

விலகல் எண் நேரத்தோடும் மாறுவதால் துடிப்பின் நிறமும் விரிகிறது. இயற்பியலாளர்கள் ஆல்ஃபானோவும் ஷாபிரோவும் 1970இல் பைக்கோ நொடி (ஆயிரம் ஃபெம்டோ நொடி) அளவிலான துடிப்புகளைக் கொண்டு கண்ணாடியில் கண்ட வெண்ணொளியை, இன்று பல ஆய்வகங்கள் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள நீலக்கல் தகட்டிலிருந்து பெறுகின்றன.

லேசர் பெருக்கிகளைக் கட்டியவர்களுக்கு இதே விளைவு பெருந்தொல்லையாக இருந்தது, பெருக்கப்பட்ட துடிப்பு தன்னைக் குவித்துக்கொண்டு பெருக்கிப் படிகத்தையே சிதைத்துவிடும். துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டித் திறனைக் குறைத்து, பெருக்கி, பிறகு சுருக்கும் வழியை இயற்பியலாளர்கள் ஸ்ட்ரிக்லாண்டும் மூரூவும் 1985இல் காட்டினர். 2018இல் நோபல் பரிசும் பெற்றனர். கண்ணாடியினுள் ஒளிவழிகளைப் பொறிப்பவர்களோ வலுவான நுண்ணோக்கி வில்லையால் கற்றையை இறுக்கமாகக் குவிக்கின்றனர். அப்போது தன்னைத் தானே குவிக்கும் அந்த எல்லைத் திறனை எட்டும் முன்பே, வேண்டிய ஆழத்தில் மட்டும் கண்ணாடி மாற்றமடைகிறது.