வலது பக்கம் இன்னும் ஒருவர்

2023 நவம்பர் 5
ஆள் சேர்த்துப் பொருள் விற்கிற கம்பெனி மீட்டிங்கில், சேர்க்கக்கூடிய நூறு பேரின் பெயர் எழுதச் சொன்னார்கள். "இவங்க சேரமாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க" என்றார் என்னைச் சேர்த்துவிட்ட அக்கா. முப்பத்தெட்டோடு நின்றுவிட்டது. கோட்டையூர் வந்ததும் பீரோவிலிருந்து எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்தேன். 412 பெயர், ஊரோடு, தொகையோடு. இதைவிட நல்ல லிஸ்ட் யாரிடம் இருக்கும்?

நவம்பர் 8
புதுவயல் சித்தப்பா, மொய் 2,001. பிளானைக் காட்டி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். காபி வந்தது. அப்புறம் கேட்டார்: "ஏம்மா, மாப்பிள்ளை சிங்கப்பூர்லேருந்து பணம் அனுப்புறதில்லையா?" காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். விற்கக் கொண்டுபோன ஒரு டின்னை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். காசு கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 10
எனக்குக் கீழே இடது பக்கம் ஒன்பது பேர். எல்லாம் அக்கா மேலிருந்து இறக்கிவிட்டது. வலது பக்கம் அம்மா மட்டும். அம்மாவுக்கும் நான்தான் 11,500 கட்டினேன். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் ஜோடி, ஜோடிக்குத்தான் பணம். மற்ற எட்டுப் பேரும் சும்மா நிற்கிறார்கள், பந்தியில் இலை போடாமல் உட்கார வைத்த மாதிரி.

நவம்பர் 12
தீபாவளி. பதினொரு பேருக்குப் போன் செய்தேன். வாழ்த்துச் சொன்னதும் எல்லோரும் ஒரு நொடி பேசாமல் இருக்கிறார்கள், அடுத்து என்ன வருமோ என்று.

நவம்பர் 14
பள்ளத்தூர் ஆச்சி வீடு. அத்தனை பெரிய வீட்டில் புழங்குவது இரண்டே அறை. மற்றதெல்லாம் பூட்டு. வளவு முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் தரை. அதைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நான் பேசப் பேசத் துணியை அப்படியே வைத்துவிட்டுத் தூணோரம் நின்று கேட்டாள்.

ஆச்சி என் பிளான் படத்தை ஒதுக்கிவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் போட ஆரம்பித்தார். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. பத்தாவது வரியில் 1,024. பதினேழாவதில் 1,31,072.

"காரைக்குடியில இம்புட்டுப் பேரு இருக்காகளாடி?"

2011 கணக்கெடுப்பில் நகராட்சி முழுவதும் சேர்த்தே லட்சத்துச் சொச்சம்தான். எனக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

"வட்டிக்கு விட்டுக் கட்டுன வீடு இது. பெருக்கல் எங்களுக்குத் தெரியும். பெருக்குனா எங்கேருந்தோ வரணும்ல?" என்றார். பிறகு, "மழையில வந்திருக்க" என்று ஒரு டின் வாங்கிக்கொண்டார். சேரவில்லை. தாளை என்னிடமே கொடுத்தார். அது இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது.

நவம்பர் 16
அத்தை என் கழுத்தைப் பார்த்தார். சங்கிலி அறுந்துவிட்டது, பத்த வைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். மீட்க வேண்டிய தேதி ஜனவரி 20.

நவம்பர் 19
மீட்டிங்குக்கு ஏழு பேர்தான். உலகக் கோப்பை பைனல். "ஜெயிக்கிறவங்க டிவி பார்க்கமாட்டாங்க" என்றார் மேடையில் இருந்தவர். பின்வரிசையில் இரண்டு பேர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியா தோற்றது.

நவம்பர் 23
புரோட்டீன் பவுடரை அத்தை கன்றுக்குட்டிக்குக் கலக்கிக் கொடுத்துவிட்டார். 1,850 ரூபாய். கன்று நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 25
ஆள் சேர்ப்பதற்குப் பணம் தரக்கூடாது, சேரக் கட்டணமும் வாங்கக்கூடாது என்று 2021லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறதாம். தம்பி அனுப்பினான். அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "நம்மகிட்ட ஃபீஸே கிடையாதே, பொருள்தானே வாங்குறோம்." பதில் முன்பே தட்டி வைத்திருந்தது போல இருந்தது.

11,500க்கு வந்த பொருள் இன்னும் கட்டிலுக்கு அடியில்.

நவம்பர் 28
முதல் ஜோடிப் பணம் வந்தது! பிடித்தம் போக 900. ஸ்டேட்டஸ் வைத்தேன், தொகையை மறைத்துவிட்டு. மாதம் 2,000க்குப் பொருள் எடுக்காவிட்டால் ஐடி தூங்கிவிடும். எடுத்தேன்.

டிசம்பர் 1
வலது பக்கம்.

டிசம்பர் 4
சென்னையில் வெள்ளம். ஆச்சியின் மகனுக்கு லைன் கிடைக்கவில்லை என்று தரை துடைத்த அந்தப் பெண் போன் செய்தாள். ஓடினேன். என் போனிலிருந்து போட்டுப் போட்டு ராத்திரி எட்டரைக்குக் கிடைத்தார். மாடியில் இருக்கிறார்களாம், கரண்ட் இல்லையாம். ஆச்சி என் கையை விடவே இல்லை. ஒரு நாள் முழுக்க யாரிடமும் எதையும் விற்கவில்லை. என் டின் சாமி அலமாரிக்குப் பக்கத்தில், பிரிக்காமல் இருந்தது.

டிசம்பர் 6
புதுவயல் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை. அத்தை பெயருக்கு மட்டும். 2,001 திருப்பிச் செய்ய வேண்டியது நான்.

டிசம்பர் 7
அக்கா காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். இந்த மாதத்துக்குள் ஜோடி சேராவிட்டால் இடது பக்கத்துப் பாயிண்ட் எல்லாம் கழிந்துவிடுமாம். இதை முதலில் சொல்லவே இல்லை. அல்லது சொல்லி, நான்தான் கைதட்டிக்கொண்டிருந்தேனோ.

டிசம்பர் 9
ஆச்சி வீட்டுப் பெண் போன் செய்தாள். அன்றைக்குப் பேசியதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிறாள், ஜோடி, பாயிண்ட், எல்லாம். தோட்டை வைத்தால் 11,500 கிடைக்குமா அக்கா என்கிறாள். ஆச்சிக்குத் தெரிய வேண்டாமாம்.

நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.